காலை பஸ்ஸுக்கு எவ்வளவு பங்கு

முத்துராணிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கொக்கன்பொத்தையில் சொல்வார்கள். தப்பு. மூக்கு நுனியில் உட்கார்ந்து இளைப்பாறுகிற கோபமெல்லாம் அவளிடம் கிடையாது. கிளம்பிய இடத்திலிருந்து நேரே வாய்க்குத்தான் வரும். வந்த வேகத்தில் போயும்விடும். ஆனால் போவதற்குள் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஒரு வாரத்துக்கு அந்தத் தெருப்பக்கம் தலைகாட்ட மாட்டார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. முக்கூடலில் பீடித்தட்டை மடியில் வைத்தபடியே பாடம் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தவள். வந்து என்ன செய்ய? காலேஜ் என்று பேச்செடுத்தபோது அவளுடைய அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த ஆவணியில் கொக்கன்பொத்தையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பொத்தை என்கிற ஒரு பாறைக்குன்று, அதன் காலடியில் ஒரு குளம், குளத்துக்குக் கீழே கொஞ்சம் வயலும் வாழையும், மற்றபடி வீட்டுக்கு வீடு பீடித்தட்டு. பீடியிலிருந்து தப்பிக்கக் கல்யாணம் கட்டினால் அங்கேயும் பீடி. மூன்று நாள் அழுதாள், நாலாவது நாள் அஞ்சல்வழியில் பி.ஏ. படிக்க எவ்வளவு ஆகும் என்று புருஷனைக் கேட்டாள். பிள்ளை பிறந்து, அது நடக்கத் தொடங்கிய காலத்தில் பட்டமும் வந்து சேர்ந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையிலிருந்து துளிர்ப்பாதை என்ற அறக்கட்டளை ஊருக்குள் வந்தது. எட்டாம் வகுப்போடு பெண்பிள்ளைகள் நின்றுவிடுகிற ஊர்களாகப் பார்த்து மாலைப் படிப்பகம் திறந்தார்கள். கொக்கன்பொத்தையில் பள்ளிக்கூடம் எட்டு வரைதான். அதற்கு மேல் முக்கூடலுக்குப் போக வேண்டும். அப்போதெல்லாம் ஓடையைத் தாண்டி மெயின் ரோடு வரை நடை. எந்தத் தகப்பன் பெண்பிள்ளையை அனுப்புவான்? சமுதாயக் கூடத்தில் ஒரு கரும்பலகையும் ஜமுக்காளமும் போட்டு, ஊரில் பட்டம் வாங்கிய ஒரே மருமகளான முத்துராணியை டீச்சராக்கினார்கள். மாலையில் பிள்ளை வரவில்லையென்றால் அவள் வீட்டு வாசலுக்கே போய் நிற்பாள். "ஏட்டி, பின்னக்கணக்கு வரலைன்னா செத்தா போயிருவ? எந்திச்சு வா" என்று கூப்பிடுகிற சத்தம் குளத்தங்கரை வரைக்கும் கேட்கும்.

படிப்பகம் வந்த மறு வருஷம் காலை பஸ் வந்தது. முக்கூடலிலிருந்து கிளம்பி, ஓடைத் தரைப்பாலத்தைத் தாண்டி, ஊர் வேப்பமரத்தடியில் திரும்பி நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். சாயங்காலம் அதுவே கொண்டுவந்து இறக்கும். இதற்கிடையில் முக்கூடல் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்டினார்கள். பீடிக் கம்பெனிகளும் வாரத்தில் பாதி நாள்தான் இலை கொடுத்தன. எல்லாம் சேர்ந்து, எட்டாவதோடு தட்டைத் தூக்கி மடியில் வைத்த ஊரில் பெண்பிள்ளைகள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதினார்கள். இது யாரால் நடந்தது என்று யாரும் கேட்காதவரை எல்லாரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

கேட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேட்டார்கள். கழிப்பறை கட்டியவர்கள் வந்து, எங்கள் கழிப்பறையால்தானே என்று கேட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சத்துமாவு கொடுத்தவர்கள் வந்து, எங்கள் மாவு தின்ற தெம்பில்தானே என்றார்கள். புகையில்லா அடுப்புக் கொடுத்தவர்கள்கூட வந்தார்கள். அடுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று முத்துராணி மண்டையை உடைத்துக்கொண்டாள். அத்தனை பேருக்கும் ஊர் ஒரே பதிலைச் சொன்னது.

பதில் சொல்லுகிற பொறுப்பு ஆவுடைத்தாயுடையது. மகளிர் குழுத் தலைவி, முத்துராணிக்கு மதினி முறை, வந்தவர்களை வரவேற்பதில் ஜில்லாவிலேயே அவளை அடிக்க ஆள் கிடையாது. கார் வேப்பமரத்தைத் தாண்டும்போதே ஆரத்தித் தட்டு தயாராக இருக்கும். கலர் சோடா உடைத்துக் கொடுத்து, முறுக்கை நீட்டி, வந்தவர் நாற்காலியில் சரியாக உட்கார்ந்துகூட இருக்கமாட்டார், இவள் ஆரம்பித்துவிடுவாள்: "ஒங்களாலதான்யா இந்த ஊரு தலைநிமிந்துச்சு. ஒங்களுக்கு முன்னால நாங்க இருட்டுக்குள்ள கெடந்தோம்." சுற்றியிருக்கிற பெண்கள் அத்தனை பேரும் ஆமாம் போடுவார்கள். இதில் பொய் சொல்லுகிற எண்ணமெல்லாம் யாருக்கும் இல்லை. இவ்வளவு தூரம் வெயிலில் வந்த மனுஷன், முகம் வாடித் திரும்பிப் போகக்கூடாது. அவ்வளவுதான்.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் கிங்ஸ்லி போன் செய்தான். துளிர்ப்பாதையின் ஒருங்கிணைப்பாளன், பாளையங்கோட்டைக்காரன், நல்லவன், எதற்கெடுத்தாலும் பதறுகிறவன்.

"டீச்சர், மதிப்பீடு செய்ய ஒரு சார் வாறாரு. நம்ம படிப்பகத்தால எவ்வளவு மாற்றம் வந்திருக்குன்னு அளக்கப்போறாரு."

"எதை வச்சு அளப்பாரு? மரக்காலா, நாழியா?"

"டீச்சர், வம்பு பண்ணாதீங்க. இது நல்லபடியா வந்தாத்தான் அடுத்த மூணு வருஷத்துக்குப் படிப்பகம் ஓடும். ஒங்க வேலையும் அதுலதான் இருக்கு. அம்மாமாரைக் கொஞ்சம் தயார் பண்ணி வைங்க. கேள்வி கேட்டா முழிக்கக்கூடாது."

தயார் பண்ணினாள். அவளுக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் படிப்பகம் அவளுடையது. ஆறு வருஷத் தொண்டைத் தண்ணி அதில் இருக்கிறது. சாயங்காலம் சாயங்காலம் அம்மாக்களை உட்காரவைத்து, பிள்ளைகள் படிக்கக் காரணம் என்ன என்று கேட்பாள். "படிப்பகம்" என்பார்கள். சத்தமாகச் சொல்லுங்க என்பாள். சொல்வார்கள்.

சுவரில் கிங்ஸ்லி அடித்துக்கொடுத்த பிளெக்ஸ் தொங்கியது. 'எங்கள் நட்சத்திரங்கள்' என்று தலைப்பு, கீழே எட்டுப் பிள்ளைகளின் படம். நடுவில் இரட்டைச் சடையும் ரிப்பனுமாக முப்பிடாதி. பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி முத்துராணி இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். அடுத்த தடவை பிளெக்ஸ் அடிக்கும்போது பார்க்கலாம் என்றான் கிங்ஸ்லி. படம் கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடம் நடத்துவாள்.

மதிப்பீட்டுச் சார் வருகிற நாள் விடிந்தது. காலையில் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட வேப்பமரத்தடிக்குப் போனாள். கண்டக்டர் சொரிமுத்து, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

"டீச்சர், ஒரு விசயம். அடுத்த மாசத்துலேருந்து இந்த ட்ரிப்ப எடுக்கப் போறாவளாம். டெப்போவுல பேசிக்கிடுதாவ."

"எதுக்கு அண்ணாச்சி?"

"வருமானம் இல்லாத ரூட்டுன்னு எல்லாத்தையும் கழிக்காவ. முந்தியெல்லாம் பொட்டப்பிள்ளைய படிப்புக்கு விட்டதுன்னு சொன்னா விட்டுருவாவ. இப்ப என்னன்னா, ஒங்க ஊர்ல படிப்பகத்தாலதான் பிள்ளைய படிக்கின்னு பேப்பர்ல வந்துச்சுல்லா. அதக் காட்டுதாவ. கலெக்டர் ஆபீஸ்ல வேற கூட்டம் இருக்காம். இன்னைக்கு ஒருத்தர் வந்து எழுதுதாராமே, அவரு அறிக்கையும் அந்தக் கூட்டத்துக்குத்தான் போவுதாம்."

முத்துராணிக்குக் கணக்கு விளங்கிவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், நேராக இந்த பஸ்ஸின் சக்கரத்தில் போய்ச் செருகுகிறது. பஸ் கிளம்பியது. ஜன்னலோரப் பிள்ளைகள் கையசைத்தார்கள். அவள் கையசைக்கவில்லை. திரும்பி நேராக ஆவுடைத்தாய் வீட்டுக்கு நடந்தாள்.

ஆவுடைத்தாய் ஆரத்திக்கு மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இன்னைக்கு அந்த சார் கேட்டா பஸ்ஸப் பத்திச் சொல்லணும். பஸ் வந்த பொறவுதான் பிள்ளைய முக்கூடலுக்குப் போனாவன்னு சொல்லணும். கேட்டியளா?"

"அதெப்படிளா சொல்ல? படிப்பகத்தப் பாக்க வந்த மனுசன் முன்னால பஸ்ஸத் தூக்கிப் பேசினா அவருக்கு எப்படி இருக்கும்? கல்யாண வீட்டுப் பந்தியில ஒக்காந்துக்கிட்டு அடுத்த வீட்டு சாம்பாரப் பேசுத மாரி இருக்கும்."

"அவரு படிப்பகத்துக்காரரு இல்ல மதினி. அளக்க வந்தவரு."

"ஆரா இருந்தா என்ன? விருந்தாளி."

"பஸ்ஸ நிப்பாட்டப் போறாவ மதினி."

"அதெல்லாம் நிப்பாட்ட மாட்டாவ. நீ காலங்காத்தால ஏழரையக் கூட்டாத. ஒரு வாரமா நீதான் சொல்லிக்குடுத்த, இப்ப நீயே மாத்துத. பொம்பளைய எதன்னு மனசுல வைப்பாவ?"

முத்துராணிக்கு மதினி சொன்னதில் நியாயமும் தெரிந்தது. அதுதான் எரிச்சலை இரட்டிப்பாக்கியது. நாலைந்து வீட்டுக்கு ஓடினாள். எல்லா வீட்டிலும் தலையாட்டினார்கள். கொக்கன்பொத்தையில் தலையாட்டுவதற்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியாதா?

கிங்ஸ்லி கூட்டிக்கொண்டு வந்தவர் பெயர் அருமைநாயகம். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மெலிந்த ஆள், தோளில் ஒரு துணிப்பை. ஆரத்தியைப் பணிவாக ஏற்றுக்கொண்டார், அம்மாக்கள் கூடியிருந்த சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து கலரை ஒரு மடக்குக் குடித்தார். குடித்துவிட்டு ஒரு காரியம் செய்தார். "தம்பி, நீங்களும் டீச்சரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க. நான் இவங்ககிட்ட தனியாப் பேசணும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஆக, ஊரின் தலைவிதி ஆவுடைத்தாயின் கையில் போய்ச் சேர்ந்தது. முத்துராணி சமுதாயக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே கிங்ஸ்லியும் வந்து நின்றான்.

அருமைநாயகம் கெட்டிக்காரர். எடுத்தவுடனே படிப்பகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "இந்த ஆறு வருசத்துல ஊர்ல என்னெல்லாம் புதுசா வந்துச்சு? எது வேணும்னாலும் சொல்லுங்க" என்றார்.

"படிப்பகம்" என்றது ஊர், ஒரே குரலில், சத்தமாக. கிங்ஸ்லிக்கு முகமெல்லாம் பல்.

"அது சரி. வேற?"

"வேற ஒண்ணும் வரல சார்" என்றாள் ஆவுடைத்தாய். கழிப்பறையும் சத்துமாவும் புகையில்லா அடுப்பும் அந்த ஒரு சொல்லில் காற்றோடு போயின.

"பஸ் ஒண்ணு வருதே. நான் வரும்போது போர்டு பார்த்தேன்."

முத்துராணி ஜன்னலில் எக்கி நின்றாள். மனுஷன் வாசலையே திறந்துவிட்டுவிட்டார், உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி.

"அது வரும் சார், போவும். அதுல ஆரு போறா?" என்று ஆவுடைத்தாய் பஸ்ஸைக் கையால் ஓரமாகத் தள்ளினாள். "நம்ம பிள்ளைய படிப்பகத்துக்காகப் படிக்குதுவ. பஸ் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

ஆமாம் போட்டார்கள். காலையில் தலையாட்டியவர்களும் ஆமாம் போட்டார்கள். முத்துராணி ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். தினமும் அந்த பஸ்ஸில் முக்கூடல் சந்தைக்குப் போய்வருகிறவள் ஆவுடைத்தாய். இடம் பிடிக்கத் துண்டு போட்டுச் சண்டை வளர்ப்பவள். அவள் கேட்கிறாள், அதில் ஆரு போறா என்று.

அருமைநாயகம் விடவில்லை. "ரெண்டு வருசத்துக்கு முன்னால மார்கழி பிறந்த கையோட வெள்ளம் வந்துச்சே, அப்ப இந்த ஓடைப் பாலம் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கப்புறம் அந்தப் படிப்பு வருசம் முடியிற வரைக்கும் பஸ் வரலையாம். அப்ப பிள்ளைங்க எப்படிப் பள்ளிக்கூடம் போனாங்க?"

பெண்கள் ஆவுடைத்தாயைப் பார்த்தார்கள். ஆவுடைத்தாய் முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பவும் படிப்பகம் நடந்துச்சுல்லா சார். அதனால ஒரு பிள்ளையும் நிக்கல. எல்லாரும் போனாவ."

"எல்லாருமா?"

"எல்லாரும் சார்" என்றார்கள். முன்வரிசையில், பிளெக்ஸுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த முப்பிடாதியின் அம்மாவும் சொன்னாள். மகளின் படம் அவள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்த தலை நிமிராமல், எல்லாரோடும் சேர்ந்து, "எல்லாரும்" என்றாள்.

கோபம் கிளம்பியது முத்துராணிக்குத் தெரியவே இல்லை. வாய்க்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"எக்கா, ஒன் மவளும் போனாளா?"

கூடத்திலிருந்த அத்தனை தலைகளும் ஜன்னலுக்குத் திரும்பின. கிங்ஸ்லி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். உதறினாள்.

"சொல்லுக்கா. தொண்ணூத்தெட்டு வாங்கினாளே, அவ போனாளா? தலைக்கு மேல போட்டோ தொங்குதுல்லா, அதப் பாத்துச் சொல்லு."

முப்பிடாதியின் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. சேலை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அப்புறம் அருமைநாயகத்திடம் பேசினாள், மெதுவாக, யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

"போகல சார். பாலம் போன பொறவு மேற்க சுத்தித்தான் போவணும். கொஞ்ச நாளு நடந்தா. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வர இருட்டிரும். ஒருநா ரெண்டு பயலுவ பைக்குல பின்னாலேயே வந்திருக்கானுவ. அதோட அவ அப்பா போவாண்டாம்னுட்டாரு. சாயங்காலம் படிப்பகத்துக்கு வந்தா. பள்ளிக்கூடமே போவாம படிப்பகத்துல வந்து என்னத்தப் படிக்க? பொறவு அதுக்கும் வரல. மறு வருசம் பஸ் வந்துச்சு. நா போன்னு சொன்னேன். பீடித்தட்டுல ஒக்காந்துட்டா, இனி கூடப் படிக்கவ எல்லாம் சின்னப்பிள்ளைய, நா போமாட்டேன்னுட்டா. பதினெட்டு முடியவும் களக்காட்டுப் பக்கம் கட்டிக்குடுத்துட்டோம். நல்லாத்தான் இருக்கா சார்."

கடைசியில் அந்த 'நல்லாத்தான் இருக்கா'வைச் சொன்னபோதுதான் அவள் திரும்பி, தலைக்கு மேலிருந்த படத்தைப் பார்த்தாள். அருமைநாயகம் பேனாவை மூடி வைத்துவிட்டார். கிங்ஸ்லி ஜன்னலைவிட்டுத் தள்ளிப்போய்ப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு கூடத்தில் நடந்ததை நினைத்தால் முத்துராணிக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்குவதில்லை. ஒருத்தி வாய் திறந்ததும் எல்லாரும் திறந்தார்கள். என் மகளும் அந்த வருஷம் நின்றுதான் போனாள் என்றாள் ஒருத்தி. நான் முக்கூடல் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன், அங்கே அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும் என்றாள் இன்னொருத்தி. அடுத்த மாசம் பஸ் நிற்கப்போகிறது என்ற சேதியும் வெளியே வந்தது. விருந்தாளிக்கு எது வேண்டும் என்பது ஆவுடைத்தாய்க்கு இப்போது தெளிவாகப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று கைகூப்பினாள்.

"சார், உண்மையச் சொல்லுதேன். எல்லாம் பஸ்ஸாலதான். பஸ் இல்லேன்னா இந்த ஊரு இருட்டுக்குள்ளதான் கெடக்கும். படிப்பகமெல்லாம் சும்மா, பிள்ளைய பொழுதுபோக்குக்கு வந்து ஒக்காரும்."

ஆமாம் போட்டார்கள். ஆறு வருஷம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. முத்துராணிக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கூடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் தள்ளித் திறந்து உள்ளே நுழைந்தாள்.

"பொழுதுபோக்கா மதினி? ஒங்க பேத்திக்கு எட்டாம் வாய்ப்பாடு ஆரு சொல்லிக்குடுத்தா, டிரைவரா?"

"டீச்சர், இப்படி உக்காருங்க" என்றார் அருமைநாயகம். "நீங்க சொல்லுங்க. பஸ்ஸுக்கு எவ்வளவு, படிப்பகத்துக்கு எவ்வளவு?"

முத்துராணி உட்காரவில்லை.

"எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது சார். சோத்துக்குள்ள தண்ணி எவ்வளவு அரிசி எவ்வளவுன்னு வெந்த பொறவு கேட்டா எப்படிச் சொல்ல? பஸ் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டு விடும். பரீட்சையில பெயிலாகி, அவமானத்துல வீட்டுக்குள்ள படுத்துக்கிடுதவள எழுப்பி பஸ்ல ஏத்துதது நான். பஸ் இல்லேன்னா நா கத்துதது வீண். நா இல்லேன்னா சில நாளு பஸ் காலியாப் போவும். ஆனா ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும்னு சொன்னா, பஸ் இருக்கட்டும்னு சொல்லுங்க. பாலம் போன வருசம் நா இங்கனதான் இருந்தேன். தெனமும் தொறந்துதான் வச்சிருந்தேன். முப்பிடாதிய என்னால படிப்புல பிடிச்சு வைக்க முடியல."

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் ஏறி அந்த பிளெக்ஸைக் கழற்றிச் சுருட்டினாள். யாரும் தடுக்கவில்லை.

"எனக்கும் தெரியாதும்மா, எவ்வளவுன்னு" என்றார் அருமைநாயகம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "ஆனா எழுதித்தான் ஆகணும். நீங்க சொன்ன மாதிரியே எழுதுறேன்."

அப்படியே எழுதினார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்கு முக்கியக் காரணம் பஸ், போனவர்கள் நிலைத்து நிற்பதில் படிப்பகத்துக்குப் பங்கு உண்டு, ஒன்றை எடுத்தால் மற்றதும் குறையும் என்று நியாயமாக எழுதினார். நியாயமாக எழுதி என்ன? பணம் கொடுக்கிற இடத்தில் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். பஸ் காரணமென்றால் நாம் எதற்கு என்று கேட்டு, பஸ்ஸே இல்லாத ஒரு ஊருக்குப் படிப்பகத்தை மாற்றினார்கள். அங்கே என்ன நடந்தாலும் அது முழுக்கத் தங்கள் கணக்கில் வருமாம். "நீங்களே ஒங்க தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே டீச்சர்" என்றான் கிங்ஸ்லி. உண்மையிலேயே வருத்தப்பட்டான். கரும்பலகையை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். கணக்கில் ஏற்றியாகிவிட்டது என்று அதையும் கொண்டுபோய்விட்டார்கள்.

பஸ் தப்பியது. கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் பேசி, காலை ட்ரிப்பை எடுக்கக்கூடாது என்று முடிவானது. மறு வாரம் அதே பஸ்ஸுக்கு வாழைக்குலை கட்டி, மாலை போட்டு, கட்சிக்காரர் ஒருவர் வந்து கொடியசைத்தார். ஐந்து வருஷமாக ஓடுகிற பஸ்ஸுக்கு எதற்குக் கொடி என்று கேட்க முத்துராணி வாயெடுத்தாள், புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆவுடைத்தாய் ஆரத்தி எடுத்தாள். "ஒங்களாலதான்யா இந்த ஊரு தலைநிமிந்துச்சு" என்றாள். அந்த மனுஷனுக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு ஆவுடைத்தாய் முத்துராணியின் தோளில் கைவைத்தாள். "அவருட்ட அப்படிச் சொல்லணும்ளா, அதுக்குச் சொன்னேன். ஒன்னாலதான் பஸ் தப்பிச்சுது, ஊருக்கே தெரியும்."

"என்னாலதான்னு ஆரு கண்டா மதினி? பஞ்சாயத்துல மனு குடுத்திருக்காவ. டெப்போவுல பழைய ஆபீசரும் மாறிட்டாராம். அந்த அக்கா வாயத் தொறக்கலேன்னா நா கத்தி என்ன ஆயிருக்கும்? விடுங்க, சவத்த."

வேலை போனபின் முக்கூடலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தாள். போவது அதே பஸ்ஸில்தான். பிள்ளைகள் இப்போதும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். பஸ்ஸுக்குள் அவள் பக்கத்தில் உட்கார ஆள் வராது. உட்கார்ந்தால் வாய்ப்பாடு கேட்பாள்.

அரையாண்டு விடைத்தாள் கொடுத்த மறுநாள் காலை. பஸ் வேப்பமரத்தடியில் திரும்பி நின்றது. முத்துராணி சாப்பாட்டுப் பையோடு ஏறி, பழக்கதோஷத்தில் தலைகளை ஒரு நோட்டம் விட்டாள். ஒன்பதாம் வகுப்பு மாரிச்செல்வியைக் காணோம்.

"எங்கட்டி அவ?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "கணக்குல பெயிலு டீச்சர். இனி வரமாட்டாளாம். தட்டுல ஒக்காந்துட்டா" என்றாள் ஒருத்தி.

தட்டுல ஒக்காந்துட்டா. போன தடவை இதே சொல்லைக் கேட்டபோது அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள், கேட்டதும் காலம் கடந்துதான். சாப்பாட்டுப் பையை அந்தப் பிள்ளையின் மடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க. இந்தா வந்துட்டேன்."

"டீச்சர், நேரமாயிட்டு" என்றார் சொரிமுத்து. "ஏற்கெனவே இந்த ட்ரிப்பு மேல டெப்போவுல கண்ணு. லேட்டானா ஏன்னு எழுதிக் கேப்பாவ. நா என்னன்னு எழுத?"

"படிப்பகத்தால லேட்டாச்சுன்னு எழுதுங்க."

சொரிமுத்து விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். இன்ஜின் நின்றது. முத்துராணி அதற்குள் தெருவுக்குள் பாதித் தூரம் போயிருந்தாள். "ஏட்டி மாரிச்செல்வி" என்று அவள் கூப்பிடுகிற சத்தம் பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் கேட்டது.